அவுரித் தொட்டியைச் சுற்றி

அவுரித் தொட்டியிலிருந்து வெளியே வரும் பருத்தித் துணி முதலில் நீலமாக இருக்காது, பாசிப்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏறும், மடிப்புக்குள் மட்டும் பச்சை சற்றே தங்கும். மொட்டைமாடியில் சாயம் தோய்க்கக் கூடியிருக்கும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

துணியை இறக்குகிற கைக்குத்தான் நிதானம் வேண்டும். குமிழி கிளம்பினால் உள்ளே காற்றுப் புகுந்து சாயம் வீரியம் இழக்கும். அடர்நீலத்துக்கு நெடுநேரம் ஊறவைத்துப் பயனில்லை. முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வடியும் ஓசை, தொட்டியின் புளித்த வாடை, எல்லோர் நகக்கண்ணிலும் நீலம். பக்கத்து அடுப்பில் துலுக்கச் சாமந்தி கொதிக்கிறது. படிகாரத்தில் ஊறிய துணி அதில் மஞ்சள் பிடிக்கும். அந்த மஞ்சளை அவுரியில் ஒருமுறை நனைத்தால் இலைப்பச்சை. அதற்குத்தான் எப்போதும் போட்டி.