ஒரு காம்பராவும் ஒரு கதையும்

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையை, இதுவரை படிக்காதவர் கையில் திணித்துவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை. இலங்கையில் பதுளையை அடுத்த ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் ஜோசப். தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கதை நடப்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், காம்பரா எனப்படும் ஒற்றை அறையில்: அடுப்புப் புகை ஏறிக் கறுத்த சுவர், தகரத்தில் மழை இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவர் பேச்சுகூடக் கேட்காத இரவு, பெற்றவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் வரிசையாகப் படுக்கும் ஒரே தரை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நெருக்கத்தில், இருட்டில், அந்த வீட்டுத் தகப்பனுக்கு ஒரு தடுமாற்றம் நேர்கிறது. அதன்பின் அந்தத் தகப்பன் கூனிக்குறுகுவதை ஜோசப் சொல்லும் பக்குவம், தேர்ந்த கை கொழுந்து கிள்ளுவதைப் போன்றது. செடிக்கு நோவதில்லை, வேண்டாத இலை ஒன்றும் கூடவே வருவதில்லை. எங்கும் குரல் உயரவில்லை. யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஆனாலும் இன்னொரு காம்பரா இருந்திருந்தால் இந்த மனிதரின் நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று மனம் கிடந்து தவிக்கிறது. வாழ்க்கையில் தவறிப்போன வழிகளைப் பற்றிய கதைகள் தமிழில் நிறைய உண்டு. ஒரு சுவர் இல்லாததால் தவறிய வழியை இவ்வளவு கூச்சத்தோடு, இவ்வளவு மரியாதையோடு சொன்னவை குறைவு. ‘மீன்கள்’ என்ற பெயரிலேயே அவர் கதைகளின் தொகுப்பு ஒன்று 2013இல் தமிழ்நாட்டில் வெளிவந்தது. தேடிப் பிடித்துப் படியுங்கள்.