நடுகல்லும் வான்கோபுரமும்

ஒரு கட்டடம் எழுந்து முடிந்தபின் அதனைப் பாராட்டுவோர் பலர். அஃது எழுந்து வரும் காலமெல்லாம் கண்வைத்து நோக்கி, நேற்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வைப்போர் சிலரே. அச்சிலரின் நோக்கு இலக்கிய நோக்கோடு நெருங்கிய உறவுடையது. ஒரு செயல் படிப்படியாக நிறைவேறுவதைச் சொல்வது கதை. அப்படிகளை முறைப்பட வைத்து ஆராய்வது கட்டுரை. ஆகவே, வானளாவும் கட்டடம் ஒன்றைப் பற்றிய எழுத்து எவ்வாறு அமைதல் வேண்டும் என ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணியேயாகும்.

ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம், செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த சிற்றூர். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குப் பயிலும் மாணவன் மெர்டேக்கா 118 கோபுரத்தை நேரில் காண்பதற்கு முன்னரே கைப்பேசியில் கண்டுவிடுகிறான். அதனைப் பற்றி எழுதச் சொன்னால், 118 மாடிகள், 678.9 மீட்டர் உயரம், உலகில் இரண்டாம் இடம் என்று மூன்று எண்களை எழுதி, 'இது நாட்டின் பெருமை' என்று முடித்துவிடுகிறான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. செய்திகளும் விளம்பரங்களும் அவனுக்குக் கற்பித்தவை அவ்வளவே.

எண்கள் வேண்டாதவை அல்ல. 300 மீட்டரைக் கடந்த கட்டடங்களை ஒரு வகையாகவும், 600 மீட்டரைக் கடந்தவற்றை அதனினும் உயர்ந்த வகையாகவும் வல்லுநர் பகுத்துள்ளனர். 1998இல் நிறைவுற்ற பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 451.9 மீட்டர், 2010இல் திறக்கப்பட்ட துபாய் நகரத்துப் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். இவற்றோடு வைத்து ஒப்பிட எண்கள் உதவும். ஆயினும் உயரம் என்பது முடிவு. அம்முடிவுக்கு வந்த வழியை எண் சொல்லாது.

வழியைச் சொல்லும் முறை தமிழில் மிகப் பழமையானது. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுக்கும் செயலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து காணுதல் காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குதல் கால்கோள், நீராட்டித் தூய்மை செய்தல் நீர்ப்படை, நிலைநிறுத்துதல் நடுகல், சிறப்புச் செய்தல் பெரும்படை, போற்றுதல் வாழ்த்து. ஒரு கல் நிற்பதற்கே ஆறு நிலைகள்! சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களை நோக்குவார்க்கு இவ்வரிசையே அங்கும் ஆட்சி செய்வது புலனாகும். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என இளங்கோவடிகள் கண்ணகிக்கு எடுத்த கல்லின் பயணத்தையே காப்பியத்தின் ஒரு பகுதியாக அமைத்துவிட்டார். கட்டுமானத்தைப் பின்தொடரும் எழுத்துக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

இவ்வரிசையைக் கோலாலம்பூர்க் கோபுரத்தோடு வைத்துக் காண்போம். 2010 அக்டோபரில் வரவுசெலவுத் திட்ட உரையில், 100 மாடிகளும் 5 பில்லியன் ரிங்கிட் செலவும் கொண்ட கட்டடமாக இஃது அறிவிக்கப்பட்டது. இத்துணைச் செலவில் இக்கோபுரம் வேண்டுமா என்னும் எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. தேர்ந்த இடமோ 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை முழங்கப்பட்ட மெர்டேக்கா அரங்கின் அருகு. இவை காட்சி நிலைக்கு உரியன. 2015 நவம்பரில் தென்கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனமும் மலேசியாவின் யு.இ.எம். நிறுவனமும் கூட்டாகக் கட்டுமான ஒப்பந்தம் பெற்றன. கால்கோள் என்னும் நிலைக்கு இதனைச் சார்த்தலாம். நீர்ப்படைக்கு நேரான ஒன்று இங்கில்லை. வலிந்து பொருத்துவது திறனாய்வு ஆகாது. 2020 மார்ச்சு 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டால் நாடெங்கும் கட்டுமானப் பணிகள் தடைப்பட்ட காலத்தை ஓர் இடைநிலையாகக் குறிக்கலாம். 2021 நவம்பர் 30இல் உச்சித் தூண் நிறைவுற்றது. அதுவே நடுகல் நிலை. 2023இல் கட்டடம் முற்றுப்பெற்றது. 2024 ஜனவரி 10இல் மாமன்னர் திறந்துவைத்தார்; அது வாழ்த்து.

மூன்று எண்களோடு நின்ற மாணவனின் கட்டுரை இப்போது ஒரு வரலாறாக விரிகிறது. மறுப்பும் தடையும் காலமும் அதனுள் வந்துவிடுகின்றன. ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சி நிற்கிறது. நடுகல்லில் வீழ்ந்தவனின் பெயர் பொறிக்கப்பட்டது. இக்கோபுரத்தைப் பற்றிய எழுத்தில் யாருடைய பெயர் உள்ளது?

சிலப்பதிகாரம் கல் கிடைத்த மலையை மட்டும் சொல்லி அமையவில்லை. அதனைச் சுமந்து வந்த தலைகள் கனக விசயருடையவை என்பதையும் சொல்கிறது. மணிமேகலை சோழ மன்னனின் மண்டபத்தைப் புனையும்போது, மகத நாட்டாரும் மராட்டரும் அவந்தி நாட்டாரும் யவனரும் தமிழ்க் கைவினைஞரோடு கூடி அதனைச் செய்தனர் என்று தொழிலும் நாடும் சுட்டி உரைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டடக் கலைஞனின் பெயரை அரசன் பெயரோடு ஒருங்கே காத்துவைத்துள்ளது. சுமந்தவர் யார், செய்தவர் யார் என்னும் வினாவைப் பழந்தமிழ் மறக்கவில்லை.

மெர்டேக்கா 118 பற்றிய செய்திகளில் உரிமையாளர் பெயர் உண்டு. வடிவமைத்த ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பெயர் உண்டு. ஒப்பந்ததாரர் பெயர் உண்டு. துங்கு அப்துல் ரஹ்மான் கையுயர்த்தி விடுதலை முழங்கிய காட்சியே கோபுரத்தின் வடிவுக்கு மூலம் என்றும் கூறுவர். உயர்ந்த அந்தக் கை நினைவில் நிற்கத்தக்கதே. ஆனால் கம்பி கட்டிய கைகள், காரை கொட்டிய கைகள், கண்ணாடியைப் பொருத்திய கைகள் எங்கே? மலேசியக் கட்டுமானத் துறை இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் ஆகிய நாட்டுத் தொழிலாளரைப் பெரிதும் நம்பி நிற்பது யாவரும் அறிந்தது. மணிமேகலை ஆசிரியர் இன்று இருந்திருப்பின் இந்நாடுகளையும் தம் பட்டியலில் சேர்த்திருப்பார்.

நடுகல் இறந்தோர்க்கு உரியது, கோபுரமோ வாணிகத்திற்கு உரியது, இரண்டையும் ஒப்பிடல் பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். பயன் வேறு என்பது உண்மையே. ஈண்டு ஒப்பிடப்படுவது பயன் அன்று. செய்தியைப் பதிவு செய்யும் முறை. அம்முறையில் பெயர் விடுபட்டால் நேரும் இழப்பு யாது என்பதை மலேசியத் தமிழரைவிட நன்கு அறிந்தவர் இலர்.

1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்–பர்மா ரயில் பாதையும் ஒரு கட்டுமானமே. 415 கிலோமீட்டர் நீளம், காடும் மலையும் ஊடறுத்து, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடிந்தது. எண்களால் மட்டும் அளந்தால் அதுவும் ஒரு வியப்பாகவே தோன்றும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. ஆசியத் தொழிலாளருள் மிகப் பலர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் அக்குறையை ஒருவாறு நிறைவு செய்தன. கல் எடுக்கப்படாதவர்க்கு எழுத்தே நடுகல் ஆயிற்று. இவ்விரு நாவல்களும் பாதையின் நீளத்தை அளப்பதோடு அமையாமல், அதனை இட்ட மனிதரைக் காட்டுகின்றன. அதனாலேயே அவை நிலைத்து நிற்கின்றன.

வகுப்பறையில் இதனைப் பயன்படுத்துவது அரிதன்று. உயர்ந்த கட்டடத்தைத் தேடி மாணவன் தலைநகர் செல்லவேண்டியதில்லை. ஊரில் எழும் கடைவரிசை, திருப்பணி நடைபெறும் தோட்டத்துக் கோயில், பள்ளியின் புதிய கட்டடம் ஆகிய எதுவாயினும் போதும். வாரம் ஒருமுறை நோக்கி எழுதுமாறு பணித்து, காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளில் குறிப்புகளை வரிசைப்படுத்தச் செய்யலாம். ஒவ்வொரு நிலையிலும் 'செய்தவர் யார்? எவ்வூரினர்?' என்னும் இரண்டு வினாக்களைத் தவறாமல் சேர்த்தல் வேண்டும். விடை தேடும் மாணவன் கொத்தனாரிடம் சென்று பேசுவான். அப்பேச்சிலிருந்து பிறக்கும் வாக்கியம் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

சிம்பாங் ரெங்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒருகாலத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவர். வேலைக்காக நாள்தோறும் அழைக்கப்பட்ட அப்பெயர்கள், நிரை பிடித்து மரம் நட்ட நிலத்தின் வரலாற்றில் இடம்பெறாமலே போயின. அவர்தம் பேரப்பிள்ளைகளே இன்று வான்கோபுரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றனர். அக்கட்டுரையில் 678.9 மீட்டர் என்னும் எண் இருக்கட்டும். அதன் அருகே, கட்டிய ஒரு தொழிலாளியும் தன் பெயரோடும் ஊரோடும் இருக்கட்டும். அவ்வாறு எழுதக் கற்ற மாணவன், தன் பாட்டனின் பெயரைக் கேட்டு எழுதவும் தானே கற்றுக்கொள்வான்.