முகமூடியும் தீவட்டியும்

மக்களின் விழாக்களைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களிலே மிகயீல் பக்தீன் என்னும் ருஷ்ய அறிஞரின் பெயர் இன்று அடிக்கடி அடிபடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளரான றபலேயின் படைப்புக்களை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1965ஆம் ஆண்டிலே மொஸ்கோவில் வெளிவந்தது. மத்தியகால ஐரோப்பாவின் களியாட்டவிழாவை மக்களின் இரண்டாவது வாழ்க்கை என அவர் கண்டார். ஆண்டு முழுவதும் அடங்கிக்கிடந்தவன் அச்சில நாட்களிலே வாய்திறக்கிறான், அரசன் நகைப்புக்கு இடமாகிறான், கோமாளி முடிசூடுகிறான், மேல் கீழாகிறது. ஆளும் வர்க்கத்தின் இறுகிய முகத்துக்கு எதிரே மக்களின் சிரிப்பை ஓர் ஆற்றலாக நிறுத்தியது பக்தீனின் பெரும்பணி என்பதில் ஐயமில்லை.

ஆயின் ஒரு கோட்பாடு பரவலாக வழங்கத் தொடங்கியதும் அதன் விளிம்புகள் தேய்ந்துவிடுவது இயல்பே. முகமூடி எங்கே உண்டோ அங்கே கலகம் உண்டு, தலைகீழாக்கம் எங்கே நிகழ்கிறதோ அங்கே மக்கள் விழித்தெழுகின்றனர் என்று வாய்பாடு போல எழுதுவோர் பெருகிவிட்டனர். இவ்வாய்பாட்டை உரைத்துப் பார்ப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காட்டிலும் ஏற்ற உரைகல் இல்லை எனலாம்.

கத்தோலிக்கரின் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையை, விரதத்துக்கு முன் வயிறார உண்டு களிக்கும் நாளாதலின், 'மார்டி கிரா', அதாவது கொழுத்த செவ்வாய் என்பர் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக் குடியேற்றமாகத் தோன்றிய நியூ ஓர்லியன்சில் இந்நாளும் இதற்கு முந்திய வாரங்களும் ஊர்வலங்களுக்கும் நடன வைபவங்களுக்கும் உரியன. நம் ஊர்களிலே மைதானத்தில் இராட்டினம் சுற்றுகின்ற 'காணிவேல்' வேறு, இது வேறு. இந்த ஊர்வலங்களை நடத்துவன தனியார் கழகங்கள். 'குறூ' என்று அவை தம்மைக் குறித்துக்கொள்கின்றன. அங்கத்தவர் சந்தா செலுத்துவர். அலங்கார ஊர்திகளில் முகமூடியணிந்து வருவர். தெருவோரம் நிற்கும் கூட்டத்துக்கு மணிமாலைகளை வீசுவர். பின்னர் மண்டபத்திலே அழைப்பிதழ் பெற்றோருடன் நடனமாடுவர்.

இவற்றுள் மூத்தது கொமஸ் கழகம். 1856ஆம் ஆண்டின் இறுதியிலே தோன்றி, 1857ஆம் ஆண்டு களியாட்டத்திலே முதன்முறை வீதியில் இறங்கியது. அதற்கு முன்னரும் அந்நகரத் தெருக்களில் மக்கள் முகமூடியிட்டு ஆடினர்; மாவை வாரி இறைத்தனர்; ஒழுங்கற்ற கூத்து அது. வணிகர் சிலர் ஒன்றுகூடி அதற்கொரு கருப்பொருளும் வரிசையும் முடிவில் ஒரு நடன வைபவமும் வகுத்தனர். மில்ற்றனின் காப்பியத்திலுள்ள நரகவாசிகள் தீவட்டிகளின் ஒளியிலே தெருவழியே வந்தனர். அன்றுமுதல் தெருவிலே இருவகை மனிதர் உளராயினர்: ஊர்தியின்மேல் நிற்பவர், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர். உண்மையான களியாட்டத்திலே நடிகன் வேறு பார்வையாளன் வேறு என்ற பிரிவு கிடையாது என்பது பக்தீன் வற்புறுத்திய இலக்கணம். அவ்விலக்கணத்தை முறித்தே கொமஸ் கழகம் பிறந்தது.

கழகத்தின் பெயரும் நோக்கத்தக்கது. 'கோமஸ்' என்பது மில்ற்றன் இளமையில் எழுதிய நாடகம். 1634ஆம் ஆண்டிலே லட்லோ கோட்டையில், பிரபு ஒருவர் பதவியேற்றதை ஒட்டி நடிக்கப்பட்டது. பிரபுவின் பிள்ளைகளே அதில் நடித்தனர். கோமஸ் அந்நாடகத்தின் வில்லன். தன் பானத்தைப் பருகுவோரின் முகங்களை விலங்கு முகங்களாக்கும் மந்திரவாதி. கன்னியின் கற்பு அவனை வெல்வதே மில்ற்றன் சொன்ன கதை. நியூ ஓர்லியன்ஸ் வணிகரோ அந்த மந்திரவாதியையே தம் தலைவனாக வரித்தனர். மனித முகத்தை விலங்கு முகமாக்கும் அவ்வித்தையை அவர்கள் யார்மீது பிரயோகித்தனர் என்பதை 1873ஆம் ஆண்டு காட்டிற்று.

உள்நாட்டுப் போரிலே தென்மாநிலங்கள் தோற்று, அடிமைமுறை ஒழிந்து, கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றிருந்த காலம் அது. லூசியானாவில் பின்ச்பாக் என்னும் கறுப்பினத் தலைவர் 1872 டிசம்பரிலிருந்து 1873 சனவரி வரை பதில் ஆளுநராக இருந்தார். அமெரிக்க மாநிலமொன்றை ஒரு கறுப்பினத்தவர் ஆண்டது அதுவே முதன்முறை. அவர் பதவியிலிருந்து இறங்கிச் சில வாரங்களுக்குள் வந்த களியாட்டத்திலே கொமஸ் கழகம் எடுத்துக்கொண்ட கருப்பொருள், டார்வினின் உயிரினத் தோற்ற நூலில் விடுபட்ட கண்ணிகள் என்பது. டார்வின் கழுதையானார்; குடியரசுத் தலைவர் கிராண்ட் புகையிலைப் புழுவானார்; போர்க்காலத்தில் நகரைக் கைப்பற்றி ஆண்ட தளபதி பட்லர் கழுதைப்புலியானார். வரிசையின் சிகரமாக வந்தது கையிலே பாஞ்சோ வாத்தியம் ஏந்திய கொரில்லா. அதற்கே முடி சூட்டப்பட்டது. அது எந்த மக்களைக் குறித்ததென்று தெருவில் நின்ற எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வாசகர் இங்கே சற்று நிதானித்தல் வேண்டும். களியாட்டத்தின் உறுப்புக்கள் யாவும் இவ்வூர்வலத்தில் உள. ஆட்சித்தலைவர் நகைப்புக்கு இடமாகிறார், தாழ்ந்தது முடிசூடுகிறது, முகமூடி உண்டு, சிரிப்பு உண்டு. ஆனால் சிரித்தவர் யார்? அதிகாரத்தைச் சற்றே இழந்து, அதை மீட்கத் துடித்த பழைய ஆளும் வர்க்கத்தினர். அன்றைய உலகம் தலைகீழாகிவிட்டது, கறுப்பின மக்கள் மேலே வந்துவிட்டனர், அதை மீண்டும் நேராக்க வேண்டும் என்பதே அத்தலைகீழாக்கத்தின் பொருள். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலே, உயிர்த்த ஞாயிறன்று, அதே மாநிலத்தின் கொல்பாக்ஸ் என்னும் ஊரில் கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். மறுவருடம் செப்டெம்பர் 14ஆம் திகதி 'வெள்ளையர் கழகம்' என்ற ஆயுதப்படை நியூ ஓர்லியன்சிலே மாநில அரசை எதிர்த்துப் போரிட்டு நகரைச் சில நாட்கள் கைப்பற்றிக்கொண்டது. களியாட்டக் கழகங்களில் முகமூடி அணிந்தோர் பலர் அப்படையிலும் நின்றனர். நகைச்சுவை படுகொலைக்குக் காரணமாயிற்று என்று யாரும் நேர்க்கோடு இழுக்கவேண்டியதில்லை. ஒரு மக்கட் கூட்டம் மனிதரல்லர் என்ற எண்ணம் பெப்ரவரியில் அலங்கார ஊர்தியாகவும் ஏப்பிரலில் துப்பாக்கியாகவும் உருவெடுத்தது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

1872ஆம் ஆண்டிலே தோன்றிய றெக்ஸ் கழகம் வேறுவகையானது. ருஷ்ய இளவரசர் அலெக்சிஸ் அந்நகருக்கு வந்த ஆண்டு அது. நகர வணிகர் தமக்கென ஓர் அரசனைத் தெரிந்து பகலிலே பவனிவரச் செய்தனர். பொதுநன்மைக்காக என்ற இலத்தீன் தொடர் அக்கழகத்தின் விருதுவாக்கு. றெக்ஸ் எவரென்பது ஊரறிந்த செய்தி. கொமஸ் எவரென்பது இரகசியம். செவ்வாய் நள்ளிரவு நெருங்கும்போது றெக்ஸ் தன் அரசியுடன் தன் மண்டபத்தை விட்டெழுந்து கொமஸின் நடன மண்டபத்துக்குச் செல்கிறான். இரு சபைகளும் அங்கே சந்திப்பதோடு களியாட்டம் முடிகிறது. மக்களின் அரசன் எனப்படுபவன், பெயர் தெரியாத அரசனின் வாசலைத் தேடிப்போகும் இக்காட்சியிலே அந்நகரத்தின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நடன வைபவம் இவ்வமைப்பின் இதயம். ஊர்வலம் எல்லோர்க்கும் இலவசம். மண்டபத்தின் கதவோ அழைப்பிதழுக்கே திறக்கும். அரசியாக வீற்றிருப்பவள் பெரும்பாலும் கழகத்துக் குடும்பமொன்றின் மகள். தந்தையும் பாட்டனும் இருந்த இடம் பிள்ளைக்கு உரியதாகிறது. செல்வமும் குலமும் தம்முள் கொண்டுகொடுக்கும் வாயில்களுள் இதுவும் ஒன்று. முகமூடியோ எளியவனுக்கு அதிகாரத்தின் பார்வையிலிருந்து புகலிடம் என்று படித்திருக்கிறோம். ஊர்திமேல் வருவோர் முகமூடி அணிந்தே இருத்தல் வேண்டும் என்பது அந்நகரின் விதி. மேலிருந்து வீசுபவனுக்கு முகம் இல்லை. கீழிருந்து கையேந்துபவனுக்கு முகம் உண்டு.

கையேந்தாத ஒருவனும் அவ்வூர்வலத்தில் உண்டு. அவன் தீவட்டிக்காரன். மின்விளக்கு வருமுன் இரவு ஊர்வலங்களுக்கு ஒளி தந்தவர் கறுப்பினத் தொழிலாளர். எரியெண்ணெய்ச் சூட்டிலே தலைக்குமேல் பந்தம் தாங்கி மைல்கணக்காக நடந்தனர். பார்வையாளர் அவர்களுக்கு நாணயங்களை எறிந்தனர். அவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. 1946ஆம் ஆண்டிலே கூலி உயர்வு கேட்டு அவர்கள் தீவட்டி தூக்க மறுத்தனர். களியாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அரசர் அரசியரின் பெயர்களை ஆண்டுவாரியாகத் தருகின்றனர். தீவட்டிக்காரரின் பட்டியல் எங்கே?

இதே தீவட்டி இன்னொரு தேசத்திலே இன்னொரு பொருள் பெற்றது. திரினிடாட் தீவில் விடுதலை பெற்ற அடிமைகள் களியாட்டக் காலத்திலே தாமே பந்தமேந்திப் பறையடித்து வந்தனர். கரும்புத் தோட்டத் தீயின் நினைவு அது. 1881ஆம் ஆண்டிலே போர்ட் ஒவ் ஸ்பெயின் நகரில் கப்டன் பேக்கரின் பொலிசார் அதைத் தடுக்க முனைந்தபோது மக்கள் எதிர்த்துப் போராடினர். தீவட்டி ஒன்றுதான், தன் கையில் தனக்காக ஏந்தியவனை அரசு அஞ்சிற்று, பிறனுக்காக ஏந்தியவனுக்குச் சில்லறை எறியப்பட்டது.

நியூ ஓர்லியன்சின் கறுப்பின மக்கள் தமக்கெனக் கழகங்கள் அமைக்காமல் இருந்தனரல்லர். நோயாளிக்கு மருந்தும் இறந்தவனுக்கு அடக்கச் செலவும் தருகின்ற பரஸ்பர உதவிச் சங்கங்கள் அவர்களிடையே நிறைந்திருந்தன. அம்மரபிலே 1909ஆம் ஆண்டு வீதிக்கு வந்து, 1916இல் பதிவுபெற்றது சூலு கழகம். அதன் முதல் அரசன் பன்றிக்கொழுப்புத் தகரத்தை முடியாகவும் வாழைத்தண்டைச் செங்கோலாகவும் கொண்டான். றெக்ஸ் ஆற்றிலே கப்பலில் வந்திறங்கினான். சூலு அரசன் சிறுபடகிலே வந்திறங்கினான். பக்தீன் சொன்ன சிரிப்பு இங்கேதான் கேட்கிறது.

ஆயினும் அச்சிரிப்பு கலப்பற்றதன்று. சூலு கழகத்தார் முகத்திலே கரிபூசிப் புற்பாவாடை அணிந்தனர். வெள்ளையரின் நாடகமேடை கறுப்பினத்தவரை இழிவுசெய்யக் கையாண்ட வேடம் அதுவே. எங்களைப் பற்றிய உங்கள் கற்பனையை உங்களுக்கே மிகைப்படுத்திக் காட்டுகிறோம் என்பது ஒரு விளக்கம். தன் இழிவைத் தானே விற்பது என்பது மறுவிளக்கம். 1949ஆம் ஆண்டிலே அந்நகரிற் பிறந்த மாபெரும் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் சூலு அரசனாக வந்தார்; அதற்காகக் கண்டனமும் பெற்றார். 1956இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் ஏறுவதை லூசியானாச் சட்டம் தடுத்தபோது, இரு இனத்தவரையும் கொண்ட தம் குழுவோடு அவர் 1965 வரை சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1961இலே, சமவுரிமைப் போராட்டம் தீவிரமடைந்த வேளையில், கறுப்பின மக்களே சூலு ஊர்வலத்தைப் பகிஷ்கரிக்குமாறு கோரினர். அவர்களின் சீற்றம் நியாயமானது. எனினும் கழகத்தின் அடித்தளம் அதன் வேடத்தைவிட ஆழமானது என்பதே எம் முடிபு. தன் அங்கத்தவனை அடக்கஞ்செய்யப் பொறுப்பேற்ற ஒரு சங்கம் சிரிக்கும்போது, அச்சிரிப்புக்குப் பின்னே ஒரு சமூகம் நிற்கிறது. வேடம் காலத்தோடு மாறவேண்டியது, அப்பொறுப்பு பேணப்படவேண்டியது.

மூத்த கழகங்களின் அடித்தளம் எதுவென்பதை 1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிப்படுத்தியது. பொதுத்தெருவில் ஊர்வலம் நடத்த அனுமதி கோரும் கழகம் நிறம் முதலியவற்றால் அங்கத்தவரை விலக்குதல் ஆகாது என்னும் விதியை நகரசபை நிறைவேற்றியது. அதை முன்மொழிந்தவர் டொரதி மே டெய்லர் என்னும் கறுப்பினப் பெண் உறுப்பினர். றெக்ஸ் கழகம் இணங்கிற்று. கொமஸ், மோமஸ், புரோட்டியஸ் ஆகிய மூன்றும் தெருவைத் துறந்தன. புரோட்டியஸ் 2000ஆம் ஆண்டிலே திரும்பி வந்தது. கொமஸின் ஊர்வலம் மீளவேயில்லை. நடன வைபவம் நின்றுபோகவுமில்லை. தெருவா மண்டபமா என்று தெரியும் நிலை வந்தபோது அவர்கள் மண்டபத்தைத் தெரிந்தனர். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாக நகருக்கு வழங்கிய கொடை என்று பேசப்பட்ட ஊர்வலம், மூடிய கதவுக்கு ஒரு முகப்பு அலங்காரமாகவே இருந்ததென்பது தெளிவாயிற்று.

அண்மைக்காலத்திலே வணிகம் இன்னொரு முகமூடி அணிந்து வந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து பெருங்கழகங்கள் தோன்றின. குலம் கேட்காமல் சந்தா கேட்டன. பெரிய ஊர்திகளையும் திரைப்படப் புகழ்பெற்ற அரசர்களையும் கொணர்ந்தன. பழைய பிரபுத்துவத்தைவிட இது விரிந்த வாசல் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் வீசப்படும் மணிமாலைகள் சீனத் தொழிற்சாலைகளிலே இளம்பெண்களின் நெடுநேர உழைப்பால் ஆகின்றன. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆவணப்படம் அதைப் பதிவுசெய்துள்ளது. கழிவுநீர்க் குழிகளைத் துப்புரவாக்கிய நகராட்சி, ஊர்வலப் பாதையின் ஐந்து தெருக்கண்டத்தில் மாத்திரம் 93,000 இறாத்தல் மணிகளை அகற்றியதாக 2018இல் அறிவித்தது. மறுபுறம், கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் களியாட்டம் கண்ட கிளேபோர்ன் வீதியின் ஓக் மரச்சோலை, 1966ஆம் ஆண்டளவில் உயர்த்திய நெடுஞ்சாலைக்காக வெட்டப்பட்டது. அம்மக்கள் இன்றும் அப்பாலத்தின் அடியிலே கூடி ஆடுகின்றனர்.

பக்தீனைக் கைவிடவேண்டும் என்பதன்று இங்கே சொல்லவந்தது. சிரிப்புக்கு வர்க்கம் உண்டு என்பதை அவருடைய வாசகர் மறக்கலாகாது. விழாவொன்றை ஆராயப் புகும் விமர்சகன் அதன் வடிவத்தை வருணிப்பதோடு நில்லாமல், செலவு செய்பவர் யார், தோளிலே சுமப்பவர் யார், கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்கக் கடமைப்பட்டவன். வகுப்பறையிலே இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் நாட்டார் விழாக்களையும் கூத்துக்களையும் பற்றிக் கட்டுரை வரையும்போது இக்கேள்விகளை முதலில் எழுப்புவாராயின், பொதுமக்கள் கலை என்னும் சொல் நம் விமர்சனத்திலே அதற்குரிய கனத்தைப் பெறும்.