அறுபது ஆண்டாக அவுட் ஆகாத மெட்டு

குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் ரஜினி படத்தின் முதல் காட்சி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் 'அண்ணாமலை'க்காக தேவா போட்டுக் கொடுத்த 'சூப்பர் ஸ்டார்' டைட்டில் இசை வரும்போது கதையும் தொடங்கியிருக்காது, வசனமும் வந்திருக்காது. விசில் மட்டும் காதைக் கிழிக்கும். அதே சுரங்களை நாளைக்கு ஒருவர் புல்லாங்குழலில் பிசகாமல் வாசித்தால் என்ன ஆகும்? மெட்டு அதேதான், ஆனால் ஒரு விசில் கூட வராது. அடையாள இசையில் மெட்டு பாதி என்றால், அது எந்தச் சத்தத்தில் வருகிறது என்பது மீதிப் பாதி.

இந்த அளவுகோலை வைத்து அலச ஏற்ற ஆட்டம் ஒன்று உண்டு. பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ'வின் முகப்பிசை. தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23. நடுவில் 1989-இலிருந்து 2005 வரை, 1996-இல் வந்த ஒரே ஒரு டிவி படத்தைத் தவிர, பெவிலியனில்தான் உட்கார்ந்திருந்தது. நாயகன் பலமுறை மாறிவிட்டான், மெட்டு மாறவில்லை. நம் ஆகாசவாணிக்கு 1930-களில் வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசையை யாரும் பெரிதாகத் தொடவில்லை. பிபிசிக்காரர்களோ ஆளுக்கு ஆள் தொட்டுப் பார்த்தார்கள்.

மெட்டை எழுதியவர் ஆஸ்திரேலியரான ரான் கிரெய்னர். அவர் கொடுத்தது ஒரே ஒரு தாள். அதை ஓசையாக்கியவர் டீலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர், பிபிசியின் சிறப்பு ஒலிக் கூடமான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பின் ஊழியர். சிந்தசைசர் கடைக்கு வராத காலம் அது. உலோகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரே ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்தார்கள். அந்த ஒரு 'டங்'கை வேகம் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, பேஸுக்கு வேண்டிய சுரங்களை எடுத்தார்கள். பிறகு பிளேடால் டேப்பை வெட்டி, சுரம் சுரமாக ஒட்டினார்கள். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால் அரை நொடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலம். தாளத்தை ஸ்கேல் வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கோ ஒரு சுரம் பிசகியபோது, டேப் முழுவதையும் நீண்ட தாழ்வாரத்தில் விரித்துப் போட்டுத் தவறான ஒட்டைத் தேடிப் பிடித்தார்கள் என்று உதவியாளர் டிக் மில்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். தொடக்க ஆட்டக்காரர் என்றால் டெர்பிஷயரைத்தான் சொல்வேன்.

1980-இல் களமிறங்கிய பீட்டர் ஹவலின் நிலைமை சிக்கலானது. பதினேழு வருடம் கேட்டுப் பழகிய காதுகள் எதிரில். கையில் யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர், குரலை இயந்திரமாக்கும் வோகோடர். மினுமினுப்பைக் கூட்டினாலும், அடியில் குதிரைப் பாய்ச்சலாக ஓடும் பேஸ் துடிப்பை அவர் விடவில்லை. என் கணக்கில் இரண்டாவது இடம் அவருக்கே.

1986-இல் டொமினிக் கிளின் ஒரு சீசன் மட்டும் ஆடினார். மர்மம் இருந்தது, எடை இல்லை. அடுத்த வருடம் வந்த கெஃப் மெக்கல்லக்கின் வடிவத்தில்தான் சறுக்கல். எல்லாம் பளபளப்பு. பேஸ் மெலிந்துபோனதால் பயம் காணாமல் போனது. சுரம் ஒன்றும் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை.

2005-இல் தொடர் திரும்பியபோது மரே கோல்ட் வயலின்களையும் ஹார்ன்களையும் கொண்டுவந்து ஆட்டத்தைப் பெரிய மைதானத்துக்கு மாற்றினார். கெட்டிக்காரர், டெர்பிஷயரின் பழைய ஓசைத் துணுக்குகளையும் உள்ளே வைத்துக்கொண்டார். ஆனால் முதல் சீசனில் மெட்டின் நடுப்பகுதியையே விட்டுவிட்டார். இருட்டுக்கு நடுவே சட்டென்று வெளிச்சம் காட்டும் இடம் அது. ரசிகர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. 2018-இல் செகுன் அகினோலா ஆர்க்கெஸ்ட்ராவை ஓரங்கட்டி 1963-இன் மூல ஓசைகளிடமே திரும்பினார், அதற்கு மேல் நவீன அதிர்வைச் சேர்த்தார். துணிச்சலான ஆட்டம். 2023-இல் கோல்ட் மறுபடி வந்தார், ஆர்க்கெஸ்ட்ராவும் வந்தது.

ஸ்கோர்போர்டில் ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. டெர்பிஷயரின் வேலையைக் கேட்டு அசந்துபோன கிரெய்னர், ராயல்டியில் பாதியை அவருக்குத் தர விரும்பினார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களுக்குத் தனிப் பெயர் கிடையாது என்ற பிபிசி விதி குறுக்கே நின்றது. 2001-இல் டெர்பிஷயர் இறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில்.

நம் சினிமாவிலும் இசையமைப்பாளர் பெயரைத் தாண்டிக் கேசட் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடுவது ரஹ்மான் காலத்தில்தான் பரவலாகக் கண்ணில் பட்டது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் கச்சேரி வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடகர்களை அறிமுகப்படுத்தும்போது, ஒவ்வொரு பாட்டுக்கும் அசல் சத்தத்தை உட்கார்ந்து தேடிப் பிடித்த கீபோர்டுக்காரர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள்.