சிதையும் சிற்பமும் ஒடுக்கமும்

நிலையாமையை நூல்கள் சொல்லால் உணர்த்தும்; சிற்பமொன்று தன் பொருளே சிதைந்து அதனை உணர்த்துதல் அரிது. அவ்வரிய வகையைச் சார்ந்தது, நியூயார்க்கு நகரத்துக் குகன்ஹைம் காட்சிச்சாலையிலுள்ள ‘விரிந்த விரிவு’ என்னும் சிற்பம். ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க்கில் 1936-இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஈவா ஹெஸ்ஸி என்னும் அம்மையார் 1969-இல் இதனை இயற்றினார். கண்ணாடியிழைக் கழிகளைச் சுவரிற் சார்த்தி, அவற்றிடையே இரப்பர்ப்பால் தோய்த்த சல்லாத்துணியைத் திரைபோலத் தொங்கவிட்டது இது. ஏறத்தாழ 10 அடி உயரமுடையது. வேண்டுமளவு விரித்தற்கும் சுருக்குதற்கும் ஏற்றது.

இரப்பர்ப்பால் காற்றாலும் ஒளியாலும் கெடும் இயல்பிற்று. முதலில் நெகிழ்ந்து தொங்கிய துணி நாளடைவில் நிறங் கருகி விறைத்தது. இக்கேடு வருமென அறிந்தே அம்மையார் அப்பொருளைக் கைக்கொண்டார். அவரும் மூளையிற் கட்டி தோன்றி 1970-இல், 34-ஆம் வயதில் மறைந்தார். சிற்பமோ பல்லாண்டு வைப்பறையிற் கிடந்து, செப்பஞ் செய்யப்பெற்று, 2022-இல் மீண்டும் காட்சிக்கு வந்தது.

இதனைக் காண்பார் சிலர், முடிவில் எல்லாம் பாழே எனத் துணியக்கூடும். அத்துணிபு பொருந்தாது. என்னை? விறைத்த துணி இல்பொருளாயிற்றில்லை. இரப்பரின் நுண்டொடர்கள் வேறு நிலை எய்தின. உள்ளதற்கு அழிவும் இல்லதற்குத் தோற்றமும் இல்லையெனக் கொள்ளும் சற்காரியவாதமே சித்தாந்தம் தழுவியது. அழிவெனப்படுவது காரணத்துள் ஒடுங்குதலேயாம்.

அன்றியும், அச்சிற்பம் தானே எழுந்ததுமில்லை; சிதைந்தபின் தானே திருந்தியதுமில்லை. இரண்டிற்கும் அறிவுடையார் வேண்டப்பட்டனர். சிதைவு மட்டும் தானே நிகழ்ந்ததன்றோ எனின், அற்றன்று. காற்றும் ஒளியும் காலமும் சடமாகலின் அவையும் இயக்குவானை வேண்டும். இயற்றியவரும் செப்பஞ் செய்தவரும் பிறந்து இறக்கும் உடம்புடையார். ஆகவே, உலகனைத்தையும் தோற்றி ஒடுக்குவோன் தனக்கு அவை இலனாதல் வேண்டும். சிவஞானபோதத்து முதற் சூத்திரம் நிறுவுவதும் இதுவே.

இச்சிற்பத்தின் சிறப்பு, கேட்டினை மறையாத நேர்மை. இதன் குறை, ஒடுக்கத்தைக் காட்டி ஒடுங்குமிடத்தைக் காட்டாமை. திருநீறு இரண்டனையும் ஒருங்கே காட்டும். வெந்து நீறானமையின் உடம்பின் நிலையாமையையும், மேலும் வேவதின்றி எஞ்சினமையின் எல்லாம் ஒடுங்கியவழி எஞ்சும் முதல்வனையும் அஃது அறிவிக்கும். அதனை நாடோறும் அணிவார்க்கு நிலையாமையை அறிவிக்கக் காட்சிச்சாலை வேண்டுவதில்லை. ஆயினும் அவர் அச்சிற்பத்தின்முன் நிற்க நேரின், பிறர் வெறுமை காணுமிடத்து ஒடுக்கத்தைக் காண்பர். அவ்வொடுக்கத்திற்கு அப்பால் ஒடுக்குவானையும் நினைவர்.