திறந்த உலகும் மூடிய பாதைகளும்: ‘ஃபார் கிறை 2’ பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஒரு கலை வடிவம் தோன்றிய காலத்தில் அதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவதும், காலஞ் சென்றபின் அதற்கும் ஓர் அழகியல் உண்டென ஒப்புக்கொள்வதும் கலை வரலாற்றிற் பலகாலும் நிகழ்ந்துள்ளன. நாவலுக்கும் திரைப்படத்துக்கும் நேர்ந்தது இதுவே. கணினி விளையாட்டு இன்று அந்நிலையில் நிற்கின்றது. இளைஞரின் நேரத்தை விழுங்கும் கேடு என அதனை ஒதுக்குவோரும் உளர். குறைநிறை நோக்காது போற்றுவோரும் உளர். ஓர் ஆக்கத்தை ஆக்கமாகவே கொண்டு, அதன் உள்ளடக்கமும் உருவமும் எங்கு இயைகின்றன, எங்கு முரண்படுகின்றன என ஆராயும் பணியை இரு சாராரும் செய்வதில்லை. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள யூபிசொவ்ற் கலைக்கூடம் 2008 ஒக்டோபரில் வெளியிட்ட ‘ஃபார் கிறை 2’ இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற படைப்பாகும். அதன் சிறப்புகள் எங்கு வேர்கொண்டுள்ளனவோ, அங்கேயே அது தரும் எரிச்சல்களும் வேர்கொண்டுள்ளன.

இவ்விளையாட்டு இரு மரபுகளின் இணைப்பாகும். ஒன்று, பாத்திரத்தின் கண்வழியே உலகைக் கண்டு துப்பாக்கி ஏந்திப் பொருதும் மரபு. மற்றையது, வகுத்த பாதையிற் கைபிடித்து நடத்தாது, பரந்த நிலப்பரப்பொன்றில் விரும்பிய திசையிற் செல்லவிடும் மரபு. பெயர் குறிப்பிடப்படாத ஆபிரிக்க நாடொன்று ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் இங்கு விரிகின்றது. இவ்வுலகை இயக்கும் மென்பொருட் பொறிக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘துனியா’. சுவாகிலி மொழியில் அதன் பொருள் உலகம்; அரபு மூலத்திலிருந்து வந்த அச்சொல் இலங்கை முஸ்லிம்களின் தமிழ் வழக்கிலும் உண்டு. பெயருக்கேற்ப, காய்ந்த புல்லிற் பற்றிய தீ காற்றின் போக்கில் நகர்ந்து மரத்தையும் குடிசையையும் பற்றும். பகை மீது மூட்டிய நெருப்பு காற்று மாறினால் மூட்டியவரையே சூழும்.

கதை எளியது. பல நாட்டவரான ஒன்பது கூலிப்படையினருள் ஒருவரைத் தேர்ந்து, இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் ‘ஜக்கால்’ என்பவனைக் கொல்லும் பணியோடு அந்நாட்டினுள் விளையாடுபவர் புகுகின்றார். புகுந்த அன்றே மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்துகின்றது. கண் விழிக்கையிற் கொல்லப்பட வேண்டியவனே கட்டிலருகில் நிற்கின்றான், கொல்லாது போய்விடுகின்றான். வீரனொருவனின் வருகையாக அன்றி ஒரு நோயாளியின் தோல்வியாகக் கதை தொடங்குவது நோக்கற்பாலது.

இத்தொடக்கம் ஆக்கம் முழுவதற்கும் திறவுகோலாகும். இதன் படைப்பு நெறியாளர் கிளின்ற் ஹொக்கிங், ‘பயோஷொக்’ என்னும் விளையாட்டைப் பற்றி 2007 இல் எழுதிய கட்டுரையில், கதை கூறும் கருத்தும் ஆட்ட விதிகள் கூறும் கருத்தும் ஒன்றையொன்று மறுக்கும் நிலைக்கு ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். அதனைத் தமிழில் ‘ஆடலுக்கும் கதைக்கும் இடையிலான இசைவின்மை’ எனலாம். தம் படைப்பில் அவர் அவ்விசைவின்மையைக் களைய முயன்றுள்ளார். வீழ்த்திய பகைவனிடமிருந்து எடுத்த துப்பாக்கி துருப்பிடித்தது. இக்கட்டான வேளையில் இறுகி நின்றுவிடும். நாட்டுப்படம் திரையின் மூலையில் மிதக்கும் ஒன்றன்று. பாத்திரம் கையில் விரித்துப் பிடிக்கும் கடதாசி. ஓட்டும்போது அதனை நோக்கினால் வண்டி மரத்தில் மோதும். கடுங்காயமுற்றால், குறடு கொண்டு குண்டைத் தானே பிடுங்க வேண்டும். காய்ச்சல் இடையிடையே வந்து பார்வையை மங்கச் செய்யும். போர் என்பது ஆற்றலின் கொண்டாட்டமன்று, உடலும் கருவியும் சிதைந்து போகும் நிலை என்பதனைக் கதைமாந்தர் பேச்சினாலன்றி, விதிகளினாலேயே உணர்த்துவது இவ்வாக்கத்தின் தலையாய வெற்றியாகும்.

நட்பும் அவ்வாறே அமைகின்றது. விளையாடுபவர் வீழும்போது தோழனொருவன் வந்து இழுத்துச் சென்று காப்பான். பிறிதொரு வேளை அவனே வீழ்வான். ஊசி மருந்து அவனை மீட்கவுங் கூடும், மீட்காதொழியவுங் கூடும். மீளாதவனின் வேதனையை எவ்வாறு முடிப்பது என்பது விளையாடுபவரின் கையில் விடப்படுகின்றது. இறந்தவன் மீண்டு வாரான். எனினும், எஞ்சிய தோழர் இறுதியில் வைரங்களுக்காக அவர் மீதே துப்பாக்கியைத் திருப்புகின்றனர். கூலிக்குச் செய்யும் போரில் நட்பும் விலைப்பொருளாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி எரிச்சல்களை நோக்குவோம். யாவற்றுள்ளும் பெரிது சந்திகள் தோறும் அமைந்த காவலரண்கள். ஒன்றிலுள்ளோரை முற்றாக அழித்துச் சிறிது தூரம் சென்று திரும்பினால், அங்கே மீண்டும் ஆட்கள் நிற்பர். எத்தரப்புக்காகப் பணி செய்தாலும், அது மறைவான பணி என்ற காரணங் காட்டி இரு தரப்பாரும் கண்டவுடன் சுடுவர். ஆற்று வழியும் பஸ் நிலையங்களும் ஓரளவு துணைபுரியினும், திறந்த உலகு எனப் பெயர் பெற்ற ஒன்றில் ஒவ்வொரு பயணமும் ஒரே சண்டையின் மறுபதிப்பாகிவிடுகின்றது.

இதனையும் கருத்துநிலையில் நியாயப்படுத்துவோர் உளர்: முடிவற்ற போரில் எவ்வெற்றியும் நிலையாது, ஆதலால் காவலரண் மீண்டும் நிரம்புவதே பொருத்தம் என்பர். இவ்வாதம் பாதியே ஏற்கத்தக்கது. துருப்பிடித்த துப்பாக்கி தரும் எரிச்சல் விளையாடுபவரைச் சிந்திக்கத் தூண்டும். புதிய துப்பாக்கி வாங்குவதா, இருப்பதை நம்புவதா என அவர் முடிவெடுக்க வேண்டும். காவலரண் தரும் எரிச்சலில் எடுக்க வேண்டிய முடிவு எதுவுமில்லை. போரின் பயனின்மை ஐந்தாம் முறையிலேயே விளங்கிவிடுகின்றது. ஐம்பதாம் முறை விளக்குவது பொறியின் இயல்பை மட்டுமே. சலிப்பைச் சித்திரித்தல் வேறு, சலிப்பூட்டுதல் வேறு என்ற பழைய விமரிசன உண்மை இவ்விடத்தும் பொருந்தும்.

இதனினும் ஆழமான குறை வேறொன்று. இந்நாட்டில் மக்கள் இல்லை. வீடுகள் உள, கிணறுகள் உள, விலங்குகள் உள. வாழ்வோரைக் காண்பது அரிது. மலேரியா மாத்திரை பெறுவதற்காகப் பயணப் பத்திரங்களைக் கொண்டுசென்று கொடுக்கும் வேளைகளில், மறைவிடங்களில் ஒடுங்கிய சில குடும்பங்களைக் காணலாம். அவர்களும் மருந்துக்கு ஈடான பண்டமாற்றுப் பொருளாகவே தோன்றி மறைகின்றனர். ‘விடுதலைக்கும் உழைப்புக்குமான ஐக்கிய முன்னணி’, ‘மக்கள் எதிர்ப்புக் கூட்டணி’ என இரு தரப்பினதும் பெயர்களில் உழைப்பும் மக்களும் உள்ளனர். களத்தில் இருவரும் இல்லை. எந்நிலத்துக்காக, எவ்வரலாற்றினால் இப்போர் மூண்டது என்ற வினாவை ஆக்கம் எழுப்புவதேயில்லை.

ஜோசப் கொன்றாட்டின் ‘இருளின் இதயம்’ (1899) என்னும் குறுநாவலின் சாயல் இவ்வாக்கத்தில் வெளிப்படையானது. அந்நாவல் மீது நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே 1975 இல் ஆற்றிய உரையில் வைத்த குற்றச்சாட்டு, ஐரோப்பிய மனமொன்றின் சிதைவைக் காட்டுவதற்கு ஆபிரிக்கா வெறுந் திரைச்சீலையாக்கப்பட்டு, ஆபிரிக்க மனிதன் நீக்கப்பட்டான் என்பதாகும். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின் வெளிவந்த இவ்விளையாட்டுக்கும் அக்குற்றச்சாட்டு மாற்றமின்றிப் பொருந்துகின்றது.

இக்குறையின் கனத்தை இலங்கை வாசகர் எளிதில் உணர்வர். இவ்விளையாட்டு வெளிவந்தபோது இந்நாட்டின் போர் முடிவுற்றிருக்கவில்லை. 2009 மேயிலேயே அது முடிந்தது. சோதனைச்சாவடி என்பது இங்கு ஒரு தலைமுறையினருக்குச் சுட்டுக் கடக்கும் இடமன்று. பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையிற் பிடித்து, வரிசையில் நின்று கடந்த இடம். அவ்வரிசை இல்லாத சாவடி எத்துணை நுட்பமாக வரையப்படினும் அரை உண்மையே.

இதனை ஆக்கியோர் அறியாதவரல்லர் என்பதற்கு முடிவே சான்று. அகதிகளை எல்லை கடத்துதற்கு இரு பணிகள் எஞ்சுகின்றன: காவலருக்கு வைரங்களைக் கையூட்டாகக் கொடுத்தல் ஒன்று, வெடி வைத்துக் கணவாயை அடைத்தல் மற்றையது. எதனைத் தேர்ந்தாலும் விளையாடுபவருக்குச் சாவே முடிவு. போரால் வாழ்ந்தோர் யாவரும் அந்நோயின் கூறுகளே என ஜக்கால் கொள்கின்றான். முழு ஆக்கத்திலும் கண்ணிற் படாத மக்கள், இறுதியில் அதன் அறத்துக்கே காரணமாகின்றனர். பல மணிநேரம் அவர்களை ஒளித்து வைத்துவிட்டு, கடைசிக் கணத்தில் அவர்களுக்காக உயிர்விடச் சொல்வதால், அத்தியாகம் அறிவுக்கு எட்டுகின்றதேயன்றி நெஞ்சைத் தொடுவதில்லை.

2012 இல் வந்த ‘ஃபார் கிறை 3’ முன்னையதன் எரிச்சல்களைப் பெரிதும் நீக்கியது. கைப்பற்றிய அரண் கைப்பற்றியதாகவே நிற்கும், துப்பாக்கி இறுகாது, காய்ச்சல் இல்லை. விளையாடுவது இலகுவாயிற்று, போர் விடுமுறைத் தீவொன்றின் கேளிக்கையுமாயிற்று. களைய வேண்டியது கருத்தற்ற சலிப்பு. சேர்க்க வேண்டியது மக்கள். களையப்பட்டதோ துருவும் நோயும் தந்த கருத்து. வசதியைப் பெருக்கி விற்பனையை நோக்கும் கலைத் தொழிலில் இது வியப்புக்குரியதன்று.

ஆகவே, ‘ஃபார் கிறை 2’ நிறைவுற்ற படைப்பன்று. ஆயினும் அதன் தோல்விகளிலிருந்து கற்கத்தக்கவை பல. விதிகளாலும் கருத்துரைக்கலாம் என அது நிறுவியது. அவ்விதிகள் யாரைக் கணக்கிற் கொள்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்ற வினாவுக்கு அதனிடம் விடையில்லை. சாவடியில் வரிசையில் நிற்பவரின் கண்வழியே உலகைக் காட்டும் விளையாட்டொன்றை ஆக்குவோர் அவ்விடையைத் தருவர். அதுவரை திறந்த உலகு என்பது துப்பாக்கி ஏந்தியவனுக்கு மட்டுமே திறந்த உலகாக இருக்கும்.