ஆறு வட்டை, பன்னிரண்டு ஆரக்கால்

மாட்டு வண்டியின் சிற்றுருவத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் என் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகும். சக்கர விளிம்பாகச் சேரும் மரத்துண்டுதான் வட்டை; ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது தச்சாசாரிகளின் கணக்கு. ஆறு வட்டை சேர்ந்த சக்கரமென்றால் ஆரக்கால் 12, ஏழு வட்டையென்றால் 14. வட்டையும் வட்டையும் சேரும் மூட்டு, இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவில்தான் விழவேண்டும். ஆரக்கால் இறங்கும் துளைமேலேயே மூட்டு வந்தால் அந்தச் சக்கரம் முதல் பள்ளத்தில் விண்டுபோகும். பரிசுப்பொருள் கடைகளில் கிடைக்கும் வண்டிகளில் எட்டு ஆரக்கால் இருக்கும், பத்து இருக்கும், வட்டையோ ஒரே துண்டாக அறுத்த வளையமாக இருக்கும். பார்க்க வண்டிதான். ஆனால் அதைச் செய்தவர் வண்டி ஓடுவதை நினைத்துச் செய்யவில்லை.

நான் சொல்லவந்தது பார வண்டியையோ வில் வண்டியையோ அல்ல, பந்தய வண்டியை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று இந்தக் கரிசல் வட்டாரம் முழுக்கக் கோயில் கொடையென்றால் மாட்டு வண்டிப் பந்தயமும் சேர்ந்தே வரும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாப் பந்தயத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து வண்டிகள் வந்து இறங்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவை வைத்துப் பிரிவுகள். தூரத்தை இன்றைக்கும் மைலில்தான் சொல்வார்கள்: போக வர இத்தனை மைல் என்று. கொங்கு நாட்டு ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டரில் முடிந்துவிடும் பாய்ச்சல். நம் பக்கத்துப் பந்தயம் அப்படியல்ல. எல்லைவரை போய், வண்டியைத் திருப்பி, வந்த வழியே மீளவேண்டும். மாட்டுக்கு எவ்வளவு தம் வேண்டுமோ அவ்வளவு தம் வண்டிக்கும் வேண்டும்.

இந்த ஓட்டத்துக்காகவே வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்திருப்பார்கள். பாரம் ஏற்றும் அகலமான தட்டு கிடையாது, பக்கவாட்டில் ஊன்றும் கம்புகள் கிடையாது, கூண்டு கிடையாது. சாரதி உட்கார ஓர் இடம், துணைச் சாரதி தாவி ஏறித் தொற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு பிடி. மிச்சமிருப்பது அச்சு, ஏர்க்கால், நுகத்தடி, இரண்டு சக்கரம். எதைக் கழித்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று புரிந்துகொண்டு செய்த சிற்றுருவத்தில் ஒரு விறைப்பு இருக்கும். அளவுகளை மட்டும் நகலெடுத்ததில் அது வராது.

பந்தயக் கார்களைச் சிறிதாக்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் முதன்முதலாக ஓடிய புகாட்டி டைப் 35 காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சு உள்ளே பொள்ளலானது. வில் பட்டைகள் அந்த அச்சின் மேலே உட்காராமலும் கீழே தொங்காமலும், அச்சில் விட்ட துளைக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வரும். சக்கரம் அலுமினியத்தில் வார்த்தது, தட்டையான எட்டுக் கால்களுடன். நீல வண்ணத்தை எவ்வளவு அழகாகப் பூசினாலும், வில் பட்டை அச்சுக்கு அடியில் கட்டியிருந்தால் அது வேறு ஏதோ கார். விவரம் தெரிந்தவர்கள் குனிந்து முதலில் அந்தத் துளையைத்தான் தேடுவார்கள்.

புகாட்டிக்குத் தொழிற்சாலை வரைபடம் உண்டு, அருங்காட்சியகங்களில் அசல் கார்களும் உண்டு. நம் பந்தய வண்டிக்கு வரைபடமே கிடையாது. ஆசாரியின் கையிலும் மனத்திலும்தான் அது இருந்தது. ஆகவே தேடல் வேறு வழியில் போகவேண்டும். முதல் ஆதாரம் பழைய போட்டோ. பரிசுக் கோப்பையோடும் காளைகளோடும் வண்டியை நிறுத்தி எடுத்த படங்கள் பல வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து சாய்வாக எடுத்திருப்பார்கள். சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் விழுந்திருக்கும். அதனால் அளவெடுக்க முடியாது என்று நினைக்கவேண்டாம். எந்தப் பக்கம் சாய்ந்து தெரிந்தாலும் அந்த முட்டை வடிவத்தின் நீண்ட குறுக்களவுதான் சக்கரத்தின் உண்மையான விட்டம். அதே வண்டியின் ஒற்றைச் சக்கரமாவது எங்கேனும் கிடைத்து அளந்துவிட்டால், சக்கரத்தை ஒட்டித் தெரியும் மற்ற உறுப்புகளை விகிதம் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். படத்தில் தெரியும் ஒரு சக்கரத்திலிருந்து முழு வண்டியும் எழுந்து வருவதைக் காண்பது இந்தக் கலையின் பெரிய இன்பங்களில் ஒன்று.

இரண்டாவது ஆதாரம் தொழுவம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017-இல் சட்டத் திருத்தம் வரும்வரை வண்டிகள் வேப்பமரத்தடியிலும் தொழுவத்து ஓரத்திலும் சும்மா கிடந்தன. சில கறையானுக்குப் போயின, சில விறகாயின. மிஞ்சியவற்றை அளந்து, நோட்டில் வரைந்து, பக்கத்தில் எண் போட்டு வைத்தவர்கள் செய்தது பெரிய காரியம். அப்படி அளக்கும்போது சென்டிமீட்டரில் எல்லாமே கோணல் எண்களாக வரும். ஆசாரி 24 அங்குலமாகப் பகுத்த தன் முழக்கோலை வைத்துத்தான் மரத்தை அறுத்திருப்பார். அந்தக் கோலின் அளவைக் கண்டுபிடித்து அதனால் வகுத்துப் பார்த்தால் நீளங்கள் முழு எண்களாக ஒழுங்குக்கு வந்துவிடும். அதற்குமேல் ஊகிக்க வேண்டியதில்லை. தேய்ந்துபோன பாகத்தின் அசல் அளவைக்கூடத் தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது ஆதாரம் ஆட்கள். ஆசாரி, கொல்லர், லாடம் கட்டுகிறவர், ஓட்டிய சாரதி. அவர்களிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டிவிட்டுப் போவது நல்லது. உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் அதைப் பற்றி அவர்கள் வாய் திறப்பார்கள்.

அண்மையில் நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தில் ஒன்று என்ற அளவு. செய்தவர் ஆசாரிக் குடும்பத்துப் பிள்ளை. இரும்புப் பட்டை வட்டையைத் தொடும் விளிம்பில், மரத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கருப்புக் கோடு ஓடியது. அழுக்கோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பட்டை கட்டும்போது விழும் தீய்ந்த தடம் அது. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டையைச் சற்றுச் சின்னதாகவே கொல்லர் அடித்து வைப்பார். வறட்டியை அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். குறடுகளால் தூக்கிவந்து சக்கரத்தில் மாட்டும்போது மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும். வட்டை மூட்டுகளும் ஆரக்கால் நுனிகளும் சக்கர நடுவிலுள்ள குடத்தை நோக்கி இறுகும். ஆணியோ பசையோ செய்யாத வேலையை அந்த இறுக்கம் செய்கிறது. இவர் சின்னச் சக்கரத்துக்கும் பட்டையைச் சூடேற்றித்தான் போட்டிருக்கிறார். தீய்ந்த கோடு வரைந்ததல்ல, தானாக விழுந்தது. சக்கரத்தைச் சுண்டினால் ஓசை கணீரென்று வந்தது.

மரமும் அப்படியே. குடம், ஆரக்கால், வட்டை எல்லாவற்றுக்கும் நம் பக்கத்தில் நம்பிக்கையான மரம் கருவேல். கனமும் உறுதியும் உள்ளது, நாள்பட்டால் செங்கருமையாக மெருகேறும். சிற்றுருவத்துக்கும் அதையே எடுத்தால் நிறத்துக்காகச் சாயம் தேட வேண்டியதில்லை. கோவில்பட்டியில் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை. தீக்குச்சியிலேயே வண்டி செய்கிறவர்களும் உண்டு. குச்சியின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இருபதில் ஒன்று என்று வைத்தால் அது 4 சென்டிமீட்டர் கனமுள்ள ஆரக்காலுக்குச் சமம், கணக்குச் சரியாகவே பொருந்தும். ஆனால் ஆரக்கால் குடத்தருகே பருத்து வட்டை பக்கம் மெலியும். அந்த மெலிவை மென்மையான தீக்குச்சி மரத்தில் செதுக்கினால் நார் பிரிந்துவிடுகிறது. குச்சி வண்டிகளின் பொறுமையை மதிக்கிறேன். என் ஓட்டு பத்தில் ஒன்றாகச் செய்த கருவேல் வண்டிக்குத்தான்.

வண்ணம் பூசுவதில் பலர் தோற்பது, எல்லா இடத்தையும் ஒன்றுபோலப் பழசாக்குவதால். ஓடிய வண்டி எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பழசாவதில்லை. பட்டையின் பக்கங்கள் துருவேறியிருக்கும். தார்ச்சாலையில் உரசும் முகம் மட்டும் வெள்ளிபோல மின்னும். கடையாணியைச் சுற்றி, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை கசிந்து, குடத்தின் வாயில் கருத்திருக்கும். துணைச் சாரதி தொற்றிக்கொள்ளும் பின் கட்டையில் வண்ணம் போய் மரம் வழுவழுப்பாகத் தெரியும். நுகத்தடியில் வலத்தைக் காளையின் பக்கமும் இடத்தைக் காளையின் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. அந்தச் சின்ன வண்டியில் நுகத்தின் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக வழவழத்திருந்தது. எந்தச் சோடிக் காளைகள் என்று கேட்கத் தோன்றியது.

இவ்வளவு சிரத்தை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் தமியா நிறுவனத்தைச் சொல்வேன். 1970-களில் போர்ஷே பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒன்றாகச் செய்ய முனைந்தபோது, போட்டோக்களும் அளவுகளும் போதவில்லையென்று ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். இன்னும் பின்னால் போனால் தைமாபாத். மகாராட்டிரத்தின் பிரவரா ஆற்றங்கரையில் 1974-இல் கிடைத்த வெண்கல வண்டி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம். நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகள், நீண்ட ஏர்க்கால், நின்றுகொண்டு ஓட்டும் ஒருவன். அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. ஆனால் காளை பூட்டும் முறையை உற்றுப் பார்த்தவன் செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அசல் வண்டியின் மரமெல்லாம் மண்ணாகிவிட்ட பிறகு, சிற்றுருவம்தான் சாட்சியாக நிற்கிறது.

காளைகளையும் சேர்த்துச் செய்யலாமா என்பதில் செய்கிறவர்களுக்குள் வழக்கு உண்டு. மரக்காளையின் திமிலும் ஓட்டமும் சரியாக அமைவது அபூர்வம். அமையாவிட்டால் வண்டியின் உழைப்பெல்லாம் வீண். சதங்கையும் கொம்புக் குப்பியும் மாட்டி அலங்கரித்தால் அது பந்தய மாடாகவும் இருக்காது. எனக்குப் பிடித்தது, அவிழ்த்துவிட்டு நுகத்தடியைத் தரையில் இறக்கி வைத்த வெறும் வண்டி. அப்போது ஏர்க்காலின் சாய்வு தெரியும், அடிப்பக்கம் தெரியும், மறைக்க எதுவுமில்லை.

பெரிய மாட்டு வண்டியை இப்படிச் செய்தவர்கள் உண்டு. பூஞ்சிட்டு வண்டியை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கன்றுப் பருவம் தாண்டிய இளங்காளைகளின் உயரத்துக்கு நுகம் இறங்கவேண்டும், நுகம் இறங்கினால் ஏர்க்காலின் சாய்வு மாறும், அதற்கேற்பச் சாரதியின் இருக்கையும் நகரும். பெரிய வண்டியின் அளவுகளைக் குறைத்துப் போட்டால் அது வராது. அதைத் தனியாகப் போய் அளக்கவேண்டும். கொடைக்காலத்தில் வண்டிகள் ஊருக்கு வந்து நிற்கும் காலைப்பொழுது அதற்குத் தோதானது.